டிரம்ஸ்: ரோலண்ட்

ஜப்பானில் பிறந்து, அமெரிக்கா போய், ஒரு ராக் குழுவின் உறுப்பினராகவே ஆகிவிட்ட பெட்டி ஒன்று உண்டு. ரோலண்ட் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த டிஆர்-606. வீட்டில் தனியாக கிட்டார் பழகுகிறவருக்குத் தாளத் துணை வேண்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். பதிவு செய்த டிரம் ஒலி எதுவும் உள்ளே கிடையாது. மின்சுற்று அந்தந்த நொடியில் உண்டாக்குகிற ஏழு ஒலிகள்தான். முன்பக்கம் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். அமுக்கிய இடத்தில் அடி விழும். அசல் டிரம்ஸ் என்று நம்பி யாரும் ஏமாற மாட்டார்கள். நம் மிருதங்க வித்வான்கள் கேட்டால் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஸ்டீவ் அல்பினிக்கு அந்தத் தகரத்தனம்தான் பிடித்தது. சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். கூட வாசிக்கத் தோதான ஆள் அமையவில்லை. ஒரு பெட்டி பீர் கொடுத்து ரெக்கார்டரை இரவல் வாங்கி, டிரம் பெட்டியைத் தட்டிவிட்டு, பெரும்பாலும் தனியாகவே பதிவு செய்த தட்டுதான் 'லங்ஸ்'. 1982-ல் வெளிவந்தது. குழுவின் பெயர் பிக் பிளாக். ஆட்கள் பிறகுதான் சேர்ந்தார்கள்.

சேர்ந்த பிறகும் டிரம்மர் வரவில்லை. பெட்டியே நின்றது. 1986-ல் 'அட்டாமைசர்' ஆல்பத்தில் டிரம்ஸுக்கு நேரே 'ரோலண்ட்' என்று பெயர் போட்டார்கள். (அதே ஆண்டில்தான் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா, முன்பே பதித்துவைத்த சுரங்களைத் தானே வாசிக்கும் சீக்வென்சரைக் கையாண்டார். அதைப் புரோகிராம் செய்தவர், பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் ஆன திலீப்.) அல்பினி கிட்டார் வாரைத் தோளில் மாட்டாமல் பெல்ட் போல இடுப்பில் கட்டிக்கொள்வார். தந்தியை மீட்டுவது உலோகத் துண்டு செருகிய பிக்கால். ஒரு வீச்சுக்கு இரண்டு அடி விழும். தந்தி அலறும், பின்னால் பெட்டி இம்மியும் பிசகாமல் இடிக்கும். மனிதக் கை என்றால் கொஞ்சம் களைக்கும், கொஞ்சம் இரங்கும். ரோலண்டுக்கு இரக்கம் கிடையாது. அந்தக் கொடூரம்தான் பாட்டின் உயிர்.

குழுவின் ஆயுள் ஆறே ஆண்டு. சண்டை ஒன்றும் இல்லை. இன்னொரு கிட்டாரிஸ்டான சான்டியாகோ டுராங்கோ சட்டம் படிக்கக் கிளம்பினார், அவ்வளவுதான். கடைசிக் கச்சேரி 1987 ஆகஸ்ட் 9, சியாட்டிலில், ஜார்ஜ்டவுன் நீராவி மின்நிலையத்தில். முடிவில் வாத்தியங்களை உடைத்தார்கள்.

குழு போனது, யோசனை கடல் தாண்டியது. மறு ஆண்டே இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜஸ்டின் பிராட்ரிக்கும் ஜி.சி. கிரீனும் காட்ஃபிளெஷ் தொடங்கினார்கள். அங்கும் டிரம்மர் கிடையாது. அலெசிஸ் எச்ஆர்-16 என்ற வேறொரு பெட்டி. 1989-ல் வந்த 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தைத்தான் 'ஆலை உலோகம்' என்று பொருள்படும் இண்டஸ்ட்ரியல் மெட்டல் இசையின் ஆதி நூல் என்பேன். பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பதினேழு வயதில் தகட்டு ஆலை இயந்திரத்தில் விரல் நுனிகளை இழந்த ஊரும் பர்மிங்காம்தான். மெட்டலும் ஆலையும் அங்கே வெறும் பெயர்ப் பொருத்தமில்லை.

இந்தியாவுக்கு ரோலண்ட் பெட்டிகள் இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டன. 1982-லேயே மும்பையில் சரண்ஜித் சிங், 808 என்ற டிரம் பெட்டியையும் 303 என்ற பேஸ் ஒலிப் பெட்டியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு வெளியிட்டார். அப்போது விலைபோகவில்லை, 2010-ல் மறுபதிப்பு வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பர்மிங்காமைப் போலவே எங்கள் புதுச்சேரிக்கும் ஆலைச் சத்தம் அந்நியமில்லை. சவானா, ரோடியர், கெப்ளே என்று பிரெஞ்சுக்காரர் காலத்து மில்கள் தறியோசையிலேயே மூன்று தலைமுறையை வளர்த்தன. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்த ஊர் இது. ரோடியர் பின்னாளில் ஏஎஃப்டி ஆனது. 2020-ல் அதுவும் மூடப்பட்டது. பிரெஞ்சு வழியில் ஜூன் 21 இசை விழாவும் இங்கே நடக்கிறது. ஆனால் தறியோசையை மேடையேற்ற யாரும் வரக் காணோம்.

கிட்டார் வைத்திருக்கும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: டிரம்மர் கிடைக்கவில்லை என்று குழுவைக் கலைத்துவிடாதீர்கள். அந்தப் பதினாறு பொத்தான்கள் இப்போது போனிலேயே இருக்கின்றன. மில்லில் வேலை பார்த்த தாத்தா வீட்டில் இருந்தால், தறி எப்படி ஓடும் என்று அவரைக் கேட்டுத் தட்டிப் பாருங்கள்.