கருந்தலைப் புழுவின் இரு பெயர்கள்

தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில், தான் நூற்கும் இழையையும் தன் எச்சத்தையும் சேர்த்துப் பின்னிய கூட்டுக்குள் இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்று, தோப்பையே தீயில் கருகியதுபோல் காட்டும் புழுவைத் தமிழ்நாட்டில் கருந்தலைப் புழு என்பர். அப்புழு வளர்ந்து மாறும் சாம்பல் நிறச் சிறு அந்துப்பூச்சியோ அறிவியல் ஏடுகளில் நெடுங்காலம் இரண்டு பெயர்களோடு இருந்தது.

முதற்பெயர் 1864இல் இடப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குவிந்திருந்த பூச்சிகளைப் பட்டியலிட்ட பிரான்சிஸ் வாக்கர், இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கண்டு ஓபிசினா அரினோசெல்லா என்று அதற்குப் பெயர் சூட்டினார். 1854 முதல் 1866 வரை 35 பகுதிகளாக வந்த அப்பட்டியலில் வருணனைகள் மிகச் சுருக்கமானவை. வகைமாதிரியை, அதாவது பெயரிடுவதற்கு ஆதாரமாக வைக்கப்பட்ட அந்த ஒரே பூச்சியை, நேரில் காணாதவருக்கு அவற்றால் பெரும்பயன் இல்லை.

1905இல் எட்வர்ட் மேரிக், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் அதே பூச்சியைப் புதியதெனக் கருதி நெபான்டிஸ் செரினோபா என்று பெயரிட்டார். மார்ல்பரோ பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே பல்லாயிரம் நுண்ணந்துக்களை விவரித்த அவர், சிறகு நரம்புகளின் அமைப்பையே பெரிதும் நம்பினார். இனப்பெருக்க உறுப்புகளின் கடினப் பகுதிகளைப் பிரித்து உருப்பெருக்கியில் ஒப்பிடும் முறையை ஏற்க மறுத்தார். அடையாளக் குறிகள் குறைந்த சிற்றினங்களை வேறுபடுத்த அம்முறையே உறுதியான வழி என்பதால், வாக்கரின் சுருக்கமான வருணனையை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

மேரிக்கின் பெயரே வேளாண் நூல்களில் வேரூன்றியது. 1981இல் பெக்கர் என்னும் பூச்சியியலாளர் இரண்டும் ஒன்றே என நிறுவியபின், முதலில் வெளியான பெயருக்கே உரிமை என்னும் முந்துரிமை விதிப்படி வாக்கரின் பெயர் மீண்டது. 117 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இத்தெளிவு சிறியதன்று. ஒரு பூச்சியின் பெயர் பிளவுபட்டிருக்கும்வரை, அதைப் பற்றித் திரட்டிய செய்திகளும் வெவ்வேறு இடங்களில் சிதறியே கிடக்கும்.

ஆயினும் நெபான்டிஸ் முற்றும் மறையவில்லை. கருந்தலைப் புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதன் உடல்மீது முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை அருகிருந்து காக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிக்கு 1934இல் மியூசெபெக் என்னும் பூச்சியியலாளர் அப்பெயரைத் தழுவியே பெயரிட்டிருந்தார். இரையின் பெயர் மாறினால் குளவியின் பெயரும் மாறவேண்டும் என்ற விதி இல்லை. ஆகவே இன்றும் தென்னந்தோப்புகளில் விடப்படும் அக்குளவி கோனியோசஸ் நெபான்டிடிஸ் என்றே வழங்குகிறது.