பிரியாத சர்க்கரை

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அது முடிந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் விழுங்கணுக்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இரும்பு எலும்பு மஜ்ஜைக்குத் திரும்புகிறது. புரதம் உதிர்ந்து அமினோ அமிலங்களாகிறது. உறையிலிருந்த கொழுப்புகளோ படிப்படியாக வெட்டப்பட வேண்டும். வெள்ளணுக்களின் உறைக்கும் இதே கதிதான். அந்த வெட்டுகளில் கடைசிக்குச் சற்று முன்னால் வந்து நிற்கிறது குளுக்கோசெரிப்ரோசைடு. செரமைடு என்னும் கொழுப்பின் தலையில் ஒரே ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கும் சிறிய மூலக்கூறு அது.

அந்தக் குளுக்கோஸைப் பிரித்துவிடும் நொதி லைசோசோம்களில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால் அந்த நொதி சரிவர வேலை செய்யாது, சர்க்கரை பிரியாது. இந்தக் கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால் சிறுநீரோடும் போக வழியில்லை. நாளுக்கு நாள் விழுங்கணுவுக்குள்ளேயே சேர்கிறது. செல் பருத்து, அதன் கரு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. உட்புறம் நுண்ணோக்கியில் கசக்கிப் போட்ட காகிதம்போலத் தெரியும். மண்ணீரல் வீங்குகிறது, தட்டணுக்கள் குறைகின்றன, எலும்பு வலிக்கிறது.

அந்தச் செல்களை வரைந்து விளக்கியவர் பிலிப் கோஷே. 1882இல் பாரிஸில் மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில், மண்ணீரல் பெரிதாக வீங்கியிருந்த 32 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். ரத்தப் புற்றுநோய்க்கு அடையாளம் எதுவும் இல்லை, மண்ணீரலில் விநோதமான பெரிய செல்கள் மட்டும் நிறைந்திருந்தன. மண்ணீரலிலேயே தோன்றிய புற்று என்று முடிவு கட்டினார் கோஷே. அந்த முடிவு தவறு. ஆனாலும் அந்த ஆய்வேட்டை நான் மிகவும் மதிக்கிறேன். முடிவுக்கு வசதியாக அவர் காட்சியைத் திருத்தவில்லை. கண்டதைக் கண்டபடியே எழுதி வைத்ததால், அதே செல்களைப் பிறகு பார்த்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

உள்ளே நிறைந்திருப்பது என்ன என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. செரிப்ரோசைடு வகை என்பது 1920களில் தெரிந்தது. மூளையில் ஏராளமாக உள்ள செரிப்ரோசைடில் இருப்பது கேலக்டோஸ். ஆகவே மண்ணீரலில் தேங்கியதிலும் அதுவே இருக்கும் என்று நம்பினார்கள். கேலக்டோஸ் அல்ல, குளுக்கோஸ் என்று காட்டியது 1934இல் பாரிஸில் அகியோன் சமர்ப்பித்த ஆய்வேடு. குழந்தைகளிடம் காணும் கோஷே நோயைப் பற்றியது அது. ஆக, இந்தக் கொழுப்பின் முகமும் அடையாளமும் அதே நகரத்தின் இரண்டு பட்ட ஆய்வேடுகளில் பதிவாகியிருக்கின்றன. சில அணுக்களின் அமைப்பு மட்டுமே மாறிய இரு சர்க்கரைகளுக்கு இடையிலான வேறுபாடு வெளியாருக்கு அற்பமாகத் தோன்றலாம். அது தெரியாதிருந்தால், பின்னால் வந்தவர்கள் வேறு நொதியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த கேள்வி: உடல் இதை அளவுக்கு மீறித் தயாரிக்கிறதா, அல்லது அழிக்கத் தெரியாமல் தவிக்கிறதா? அமெரிக்காவில் பெதெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களில் ராஸ்கோ பிரேடி இதை எடுத்துக்கொண்டார். நோயாளிகளின் மண்ணீரல் துண்டுகளில் கதிரியக்கச் சர்க்கரையைச் சேர்த்துப் பார்த்தபோது, தயாரிப்பு இயல்பாகவே நடந்தது. பழுது அழிக்கும் பக்கம்தான் இருக்க வேண்டும். அதை நிரூபிக்க, கதிரியக்கக் கார்பன் பொதிந்த குளுக்கோசெரிப்ரோசைடையே செயற்கையாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன வேதியியலர் டேவிட் ஷப்பிரோ அதற்குத் துணைநின்றார். ஆரோக்கியமான திசு அதிலிருந்து குளுக்கோஸை வெட்டி விடுவித்தது. நோயாளியின் திசுவில் அந்த வெட்டு மிகக் குறைவு. 1965இல் வெளியான இந்த முடிவுக்கு அடுத்த ஆண்டே, இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று பிரேடி எழுதினார்.

நொதியை எங்கே எடுப்பது? பிரசவத்தில் வெளியேறும் நஞ்சுக்கொடியில். அதிலிருந்து பிரித்த நொதியை இரண்டு நோயாளிகளுக்குச் செலுத்தியபோது, கல்லீரலில் தேங்கிய கொழுப்பு இருவருக்குமே 26 விழுக்காடு குறைந்தது. அந்த முடிவு வெளியானது 1974இல். ஆனால் நிலையான பலன் கிடைக்கவில்லை. செலுத்திய நொதியில் பெரும்பகுதியைக் கல்லீரலின் சாதாரண செல்கள் எடுத்துக்கொண்டன. கொழுப்போ விழுங்கணுக்களில் அல்லவா இருக்கிறது?

வழி சர்க்கரையிலேயே கிடைத்தது. இந்த நொதியின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. விழுங்கணுவின் வெளிப்புறத்தில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றி இழுக்கும் ஏற்பிகள் உண்டு. சங்கிலியின் நுனிச் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் களைந்து மேனோஸை வெளித்தெரிய வைத்தால், விழுங்கணுவே நொதியைத் தேடிப் பிடிக்கும். அப்படிச் செதுக்கிய நொதியை இரு வாரத்துக்கு ஒரு முறை 12 பேருக்குச் செலுத்தினார்கள். அத்தனை பேருக்கும் ஹீமோகுளோபின் உயர்ந்தது. 1991இல் அமெரிக்காவில் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கான மருந்து தயாரிக்கச் சுமார் 20,000 நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. முகம் அறியாத அத்தனை தாய்மார்களின் பிரசவங்கள் ஒரு நோயாளியின் ஓராண்டு வாழ்வுக்குள் போயிருக்கின்றன. 1994இல் வெள்ளெலிச் செல்களிலும், பின்னர் கேரட் செல்களிலும் நொதியை வளர்க்கத் தொடங்கினார்கள். வெட்ட முடியாவிட்டால் தயாரிப்பையே குறைக்கலாம் என்ற நார்மன் ரேடினின் யோசனையும் மாத்திரையாக வந்தது.

இந்தக் கொழுப்பைக் கழிவு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. தோலின் மேலடுக்கை நோக்கி அது போகும்போது, அங்கே குளுக்கோஸ் வெட்டப்பட்டு செரமைடு மிஞ்சுகிறது. உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பதில் செரமைடுக்குப் பெரும்பங்கு உண்டு. நொதி அறவே இல்லாத எலிக்குட்டிகள் தோல் வழியே நீரிழந்து பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்தன. நோயின் மிகக் கடுமையான வடிவத்தோடு பிறக்கும் சில சிசுக்களின் தோலும் இதனால் பாதிக்கப்படுகிறது. கோஷே பிற்காலத்தில் தோல் மருத்துவப் பேராசிரியரானவர். தாம் கண்ட செல்களுக்குள் இருந்ததற்கும் தோலுக்கும் இருந்த உறவை அவர் அறிய வாய்ப்பில்லை. அவர் 1918இலேயே மறைந்துவிட்டார்.

2009இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்த ஆய்வொன்று, பார்க்கின்சன் நோயாளிகளிடம் இந்த நொதிக்கான மரபணுவின் மாற்றங்கள் மற்றவர்களைவிட மிகுதியாக இருப்பதைக் காட்டியது. மாற்றம் ஒன்றை மட்டும் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடும்பங்களைப் பயமுறுத்த இந்தத் தகவல் பயன்படக் கூடாது.

இந்தியாவில் 2021இன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை கோஷே நோயையும் சேர்த்திருக்கிறது. சிகிச்சைக்கான அரசு நிதியுதவியின் உச்சவரம்பு பின்னர் 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஆயுள் முழுக்க இரு வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டிய மருந்துக்கு அந்தத் தொகை எத்தனை நாள் வரும்? வரம்பு தீரும் நாளில் கொழுப்பு சேர்வது நிற்கப்போவதில்லை.

இந்திய நோயாளிகளிடம் அதிகம் காணும் எல்444பி என்ற மாற்றம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால், நரம்பு மண்டலமும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுதி. ரத்தக் குழாயில் ஏற்றும் நொதி மூளைக்குள் நுழைவதில்லை. மண்ணீரல் சுருங்கி, ரத்தம் தேறி, பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கும் கண்ணசைவு தடுமாறலாம், வலிப்பு வரலாம். மூளைக்குள் தேங்கும் குளுக்கோசெரிப்ரோசைடைக் கரைப்பதுதான் இப்போது ஆய்வகங்களின் முன்னால் இருக்கும் வேலை.