கொடையும் கடமையும்: கட்டற்ற மென்பொருள் உரிமம் காத்த வரலாறு

ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் இறைக்க அனைவருக்கும் உரிமை உண்டு. அதைச் சுற்றி வேலியிட எவருக்கும் உரிமை இல்லை. கணினி உலகில் கட்டற்ற மென்பொருள் அத்தகையதொரு பொதுச் சொத்தாகும். அதற்கு வேலியிட முனைந்த நிறுவனங்களை நிரலாளர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வரலாறு அறியத்தக்கது.

மென்பொருளுக்கு இருவகை வடிவம் உண்டு. மனிதர் எழுதவும் படிக்கவும் திருத்தவும் கூடியது மூல நிரல். பொறி இயக்குவதற்கென மாற்றப்பட்டது இரும நிரல். மூல நிரல் மறைக்கப்பட்டால், விலை கொடுத்து வாங்கியவரும் தம் பொருளின் குறையைத் தாமே களைய இயலாதவராகிறார். இந்நிலையை மாற்ற விழைந்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983ஆம் ஆண்டில் குனுத் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். குனு பொது உரிமம் 1989இல் பிறந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வெளிவந்தது.

இவ்வுரிமத்தின்படி மென்பொருளை எவரும் இயக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆயின், பிறருக்கு வழங்குபவர் மூல நிரலும் அதே உரிமைகளும் அவருக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். ஆக்கியோர் தம் பதிப்புரிமையைத் துறக்கவில்லை; அதனையே பொதுநலத்தின் காவலாக நிறுத்தினர். நிபந்தனையை மீறுவோர் இசைவை இழக்கின்றனர். இசைவின்றிப் படியெடுத்து விற்பது பதிப்புரிமை மீறலாகிறது. பிற்கால வழக்குகளுக்கு இதுவே அடித்தளமாயிற்று.

2002ஆம் ஆண்டின் இறுதியில், கம்பியில்லா இணையத் தொடர்பு வழங்கும் ரவுட்டர் ஒன்றை லிங்க்ஸிஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் லிங்க்ஸிஸை விலைக்கு வாங்கியது. அதே 2003இல், அக்கருவியினுள் லினக்ஸ் இயங்குவதை நிரலாளர்கள் ஆராய்ந்து கண்டறிந்தனர். மூல நிரலோ வழங்கப்படவில்லை. சில்லு செய்வோர், மென்பொருள் அமைப்போர், பெயரிட்டு விற்போர் எனப் பல கை மாறி வரும் பொருளில், உரிமக் கடமை இடையிலேயே நழுவிப் போவதுண்டு. எனினும், இறுதியில் விற்பவர் அப்பொறுப்பிலிருந்து விலகிவிட இயலாது. நிரலாளர்கள் வற்புறுத்தியதன் விளைவாக மூல நிரல் வெளியிடப்பட்டது. அதனை முதலாகக் கொண்டு 2004இல் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்னும் திட்டம் தோன்றியது. இன்று அது பல்வேறு நிறுவனங்களின் ரவுட்டர்களில் இயங்கி வருகிறது.

வேண்டுகோளுக்கு இணங்காதவிடத்து நீதிமன்றம் துணை நின்றது. லினக்ஸின் தீயரண் பகுதியாகிய நெட்ஃபில்டரை உருவாக்கியோருள் ஒருவர் ஜெர்மானியரான ஹெரால்ட் வெல்டே. தம் நிரலைப் பயன்படுத்திய சைட்காம் நிறுவனம் மூல நிரலைத் தராமையால், அவர் மியூனிக் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் 2004 ஏப்ரலில் இடைக்காலத் தடை விதித்து, மே மாதத்தில் அதனை உறுதி செய்தது. உரிமத்தின் நிபந்தனைகள் ஏட்டளவில் நிற்பன அல்ல, சட்டத்தால் செயற்படுத்தத்தக்கவை என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

அமெரிக்காவிலும் இக்கருத்து வலுப்பெற்றது. மாதிரி இரயில்களை இயக்கும் மென்பொருளைப் பொதுவில் வைத்த இயற்பியலாளர் ராபர்ட் ஜேக்கப்சன் தொடுத்த வழக்கில், 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தெளிவை வழங்கியது: பணம் பெறாமல் வழங்கப்பட்ட மென்பொருளின் உரிம நிபந்தனைகளையும் பதிப்புரிமைச் சட்டத்தின்வழிக் காக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில், பல்லாண்டுப் பேச்சுவார்த்தை பயனளிக்காத நிலையில், அறக்கட்டளை தன் நிரல்களின் பொருட்டு சிஸ்கோமீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதத்தில் இணக்கம் ஏற்பட்டது. கட்டற்ற மென்பொருளுக்கென லிங்க்ஸிஸில் இயக்குநர் ஒருவரை அமர்த்தவும், முன்னர் வாங்கியோர்க்கு அவர்தம் உரிமைகளை அறிவிக்க ஆவன செய்யவும், அறக்கட்டளைக்கு நிதி வழங்கவும் சிஸ்கோ உடன்பட்டது.

இவ்வரலாறு நிரலாளர்க்கு ஒரு நெறியைக் காட்டுகிறது. முதலில், கருவியை ஆராய்ந்து சான்று திரட்டல் வேண்டும். அடுத்து, குறையைச் சுட்டி நிறுவனத்திற்கு எழுதித் திருத்திக்கொள்ளக் காலம் தருதல் வேண்டும். நீதிமன்றம் இறுதி வழியே. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, முதன்முறை தவறியவர் அறிவிப்புப் பெற்ற 30 நாள்களுக்குள் திருத்திக்கொண்டால் இழந்த உரிமையை மீண்டும் பெற இடமளிக்கிறது. பணம் ஈட்டுவதன்று, உரிமத்திற்கு இணங்கச் செய்வதே நோக்கம் என்பதை 2015இல் வெளியான கோட்பாடுகளில் இவ்வறக்கட்டளையும் மென்பொருள் விடுதலைக் காப்பகமும் வலியுறுத்தின. பதிப்புரிமை யாருடையது என்பதே வழக்கில் முதல் வினா. ஆதலின், நிரலை எழுதுவோர் தம் பெயரையும் ஆண்டையும் அதில் பதித்து வைத்தல் நன்று.

விலையின்றிக் கிடைப்பது உரிமையாளர் இன்றிக் கிடப்பதன்று. முகமறியாதார் பலர் உழைத்து அளித்த கொடையைப் பெறுபவர், அது அடுத்தவர் கைக்கும் குறைவின்றிச் சேர வழிவிடுதல் கடமை. கணினி பயிலும் மாணவர்கள் நிரல் எழுதக் கற்கும்போதே உரிமத்தைப் படிக்கவும் கற்பாராயின், வழக்கு மன்றங்களின் சுமை பெரிதும் குறையும்.