கடல் வழி வந்த அம்மைப்பால்

திருக்கோணமலைத் துறைமுகத்திற்கு வந்துபோன கப்பல்களின் கதையை நம்மூர்ப் பெரியோர் சொல்லக் கேட்பது தனி இன்பம். போர்த்துக்கேயர் வந்தது, ஒல்லாந்தர் வந்தது, 1795ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியது, பிற்காலத்தில் பெரும் போர்க் கப்பல்கள் வந்து நங்கூரமிட்டது எல்லாம் நாம் அறிந்தவையே. ஆயின் கப்பல்கள் இத்தீவின் துறைகளில் இறக்கிச் சென்ற சரக்குகளுள் கண்ணுக்குத் தெரியாத இரண்டைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ஒன்று வைசூரி என்னும் பெரியம்மை; மற்றொன்று அதற்கு மாற்றாகிய அம்மைப்பால்.

இதனை இம்மலரில் எழுத முற்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த இளந் தந்தையர் சிலர், “குழந்தைக்கு இத்தனை ஊசிகள் வேண்டுமா? அவற்றால் தீங்கு ஒன்றும் வராதா?” என்று நம்மிடம் கேட்கின்றனர். 2021ஆம் ஆண்டில், கொரோனாத் தடுப்பூசிக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், இக்கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. அப்பொழுது நாம், “நல்லதுதான், போடுங்கள்” என்று சொல்லித் தப்பிக்கொண்டோம். அது விடையன்று, கேட்டவரும் அதை விடையாகக் கொள்ளவில்லை. ஆகவே பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தோம். பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று: இக்கேள்வியைக் கேட்டவர்கள் மூடர் அல்லர். அவர்கள் கேட்டதனாலேயே தடுப்பூசி இன்றுள்ள அளவுக்குப் பாதுகாப்பானதாயிற்று.

முதலில் வைசூரியைப் பற்றிச் சிறிது. அந்நோய் கண்டவர்களில் பத்துப் பேருக்கு மூவர் வரை மாண்டனர். பிழைத்தவர் பலர் முகத்தில் வடுவோடும் சிலர் கண்பார்வை இழந்தும் வாழ்ந்தனர். நோய்க்கு அஞ்சி ஊர்கள் காலியாகியதை அக்காலத்தார் எழுதி வைத்துள்ளனர். நம் முன்னோர் அதனை அம்மாள் வருத்தம் என்றனர். வாசலில் வேப்பிலை செருகினர். வேற்றார் வீட்டினுள் வருவதைத் தடுத்தனர். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வரை நோயாளியைத் தனியே வைத்தனர். கிழக்கு மாகாணத்தில் வைகாசித் திங்களில் கண்ணகை அம்மனுக்கு நடக்கும் குளிர்த்திச் சடங்கும் இந்த வெப்பு நோய்களின் அச்சத்தோடு தொடர்புடையதே. இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வேப்பிலை கண்ட வீட்டிற்குள் அயலவன் நுழையாமையால் நோய் பரவுவது ஓரளவு குறைந்தது. ஆனால் அந்த வேலி நோய் வந்த பின்னர்ப் போட்ட வேலி. வராமற் காக்க அதனால் இயலவில்லை.

வராமற் காக்கும் வழி ஒன்று ஆசியாவில் முன்பே இருந்தது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைச் சுகதேகியின் தோலில் கீறி வைப்பது அவ்வழி. வங்காளத்தில் அதைத் தொழிலாகவே செய்தோர் இருந்தனர் என்பதை ஹொல்வெல் என்ற ஆங்கிலேயர் 1767ஆம் ஆண்டில் வெளியிட்டார். கீறி வைத்தவருக்கு உண்மையான வைசூரியே, ஆனால் இலேசாக வரும். நூற்றுக்கு ஒருவர் இருவர் அதனாலேயே இறந்தனர். அன்றியும், அவரிடமிருந்து அயலாருக்கு நோய் தொற்றும். எனினும் நூற்றுக்கு முப்பது எங்கே, ஒன்று இரண்டு எங்கே! அக்கால மக்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே துணிந்தனர்.

இங்கிலாந்தில் எட்வேட் ஜென்னர் என்ற வைத்தியர் 1796ஆம் ஆண்டு மே 14ஆந் தேதி செய்த சோதனை இக்கணக்கை மாற்றியது. பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் அவர் கீறி வைத்தார். பின்னர் அவனுக்கு வைசூரிச் சீழையே வைத்தும் நோய் பற்றவில்லை. இன்றைய நியாயப்படி ஒரு குழந்தையிடம் இப்படிச் செய்ய எவரும் இடங்கொடார். அதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

இனி அம்மைப்பால் நம் பக்கம் வந்த கதை. குளிர்பெட்டி இல்லாத காலம் அது. நூலில் தோய்த்தும், கண்ணாடித் துண்டுகளிடையே வைத்தும் அனுப்பிய பால் வெப்பத்தில் வீரியம் இழந்தது. பாக்தாத்துக்கும் பஸ்ராவுக்கும் வந்து, அங்கிருந்து கப்பலேறி, 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் அது உயிரோடு பற்றியது. மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்தாலின் கையிலேயே அது முதன்முதல் பற்றிற்று. அவளது கையிலிருந்து அடுத்த குழந்தைக்கு, அக்குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு என்று கைமாறிக் கைமாறி அப்பால் பல திசைகளுக்கும் சென்றது. அவ்வாண்டிலேயே இலங்கையிலும் அம்மைப்பால் குத்தத் தொடங்கினர். பிரெடரிக் நோர்த் தேசாதிபதியாக இருந்த அக்காலத்தில் இங்கு வைத்தியத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி, வைசூரி இலங்கையில் செய்த அழிவைப் பற்றி 1811ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டார். பெயர் அறியப்படாத எத்தனை குழந்தைகளின் கைகள் வழியாக அந்தப் பால் கடல் கடந்தது என்பதை நினைக்கும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது.

இவ்விடத்தில் தமிழர்க்கு உரிய ஒரு கிளைக்கதை. பசுவிலிருந்து வந்த பொருளை உடலில் ஏற்ற நம்மவர் தயங்கினர். 1819ஆம் ஆண்டில் சென்னைப் பத்திரிகை ஒன்றில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரோடு ஒரு கடிதம் வந்தது. அம்மைப்பால் குத்தும் முறை நம் பழைய வடமொழி நூலிலேயே உண்டு என்றது அக்கடிதம். தமிழறிஞர் போற்றும் எல்லீசன் துரை, மக்களின் தயக்கத்தைப் போக்க வடமொழியில் இத்தகைய பாட்டொன்றைப் புனைந்தார் என்றும் சொல்வர். கருத்து நல்லது, சான்று பொய். இன்றும் நம் மேடைகளில் “தன்வந்திரியே பசு அம்மையைச் சொல்லிவிட்டார்” என்று முழங்குவோர் அறியாமலே அந்தப் பழைய புனைவை ஒப்பிக்கின்றனர். வங்காளத்துக் கீறல் முறை உண்மையான பெருமை. அது போதாதா? பொய்ப் பெருமையைக் கொண்டு ஒருவனை நல்ல காரியத்திற்கு இணங்கச் செய்தால், பொய் வெளிப்படும் நாளில் அவன் நல்ல காரியத்தையும் சேர்த்தே எறிவான்.

கைமாற்றிக் குத்தியதிலும் தீங்கு இருந்தது. 1861ஆம் ஆண்டில் இத்தாலியின் றிவால்ற்றா என்ற ஊரில் ஒரு குழந்தையிடமிருந்து எடுத்த பால் வழியே பல குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. ‘யாருடைய இரத்தமோ’ என்று கையை இழுத்துக்கொண்ட நம் பாட்டிமார் அஞ்சியது வீணன்று என்பதற்கு இதுவே சாட்சி. அதன் பின்னரே கன்றின் தோலில் பால் வளர்த்து எடுக்கும் முறை பரவியது. இலங்கையில் அம்மைப்பாலைக் கட்டாயமாக்கும் சட்டம் 1886ஆம் ஆண்டில் வந்தது.

சரி, இது உடலுக்குள் என்னதான் செய்கிறது? நம்மூர்க்காரர் விளங்கிக்கொள்ள நம் துறைமுகமே போதும். கோட்டை முனையில் நிற்கும் காவலாளி முன்பின் அறியாத கப்பல் ஒன்றைக் காண்கிறான். அது பகையா நட்பா என்று அறிந்து ஆள் சேர்ப்பதற்குள் எதிரி கரையேறி விடுகிறான். உடலும் அப்படியே. புதுக்கிருமி நுழைந்தால் இரத்தத்திலுள்ள வெண்குழியங்கள் அதனை அறிந்து, அதற்கென்றே பொருந்தும் பிறபொருளெதிரிகளைச் செய்து முடிக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் கிருமி பெருகிவிடும். பீரங்கி கழற்றிய எதிரிக் கப்பல் ஒன்றை முன்னரே காவலாளிக்குக் காட்டிவிட்டால்? அடுத்த முறை உண்மைக் கப்பல் தொடுவானில் தெரிந்த உடனேயே மணி அடிக்கப்படும். அவ்வாறு காட்டப்படும் பீரங்கியற்ற கப்பலே தடுப்பூசி. சின்னமுத்துக்கும் கசரோகத்துக்கும் வலி குன்றிய உயிர்க்கிருமியைத் தருகின்றனர். ஏற்பு நோய்க்கும் தொண்டைக்கரப்பானுக்கும் கிருமியின் நஞ்சை முறித்துத் தருகின்றனர். ஈரலைத் தாக்கும் ‘பி’ வகைச் செங்கமாரிக்குக் கிருமியின் மேலுறைத் துண்டு மாத்திரமே. கொரோனாவுக்கு நம் நாட்டிற் பெரும்பாலோர் பெற்றது கொன்ற கிருமி. வேறு சிலர் பெற்றதோ, அக்கிருமியின் ஒரு பகுதியை உடலே செய்து பார்ப்பதற்கான குறிப்பு. அக்குறிப்பு சில நாளில் அழிந்துவிடும். ஊசி போட்ட இரவு குழந்தை காய்ந்து அழுவது பெரும்பாலும் காவலாளிகள் விழித்துக்கொண்டதன் அடையாளமே.

பெரும்பாலும் என்றோம், எப்பொழுதும் என்று சொல்லவில்லை. கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் வரும். கிளினிக்கில் ஊசி போட்டபின் இருபது நிமிடம் இருத்தி வைப்பது அதற்காகவே. அது மருத்துவமாதுவின் பிடிவாதம் அன்று. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு உயிர்க்கிருமி ஊசி ஆகாது. இவற்றை முன்கூட்டியே சொல்லிக் கேட்பது பெற்றோரின் கடமை.

பிழை நேர்ந்த இரு சம்பவங்களைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். பம்பாயில் பிளேக் நோய்க்குத் தடுப்பூசி கண்ட ஹவ்கின் என்ற அறிஞரின் மருந்தை 1902ஆம் ஆண்டு பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் போட்டனர். அவர்களில் 19 பேர் ஏற்பு நோய் கண்டு இறந்தனர். இறந்தவர் அனைவரும் ஒரே போத்தலிலிருந்து மருந்து பெற்றவர்கள். பழி ஹவ்கின் மேல் விழுந்தது. அவர் பதவியை இழந்தார். ஆனால் அந்தப் போத்தலைத் திறக்க எடுத்த இடுக்கி நிலத்தில் விழுந்ததும், அதனைச் சரிவரச் சுத்தம் செய்யாமற் பயன்படுத்தியதும் விசாரணை ஏடுகளிலேயே இருந்தன. ரொனால்ட் ரொஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வாதாடி, 1907ஆம் ஆண்டில் அவர் குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டது. மருந்து வேறு, மருந்தைக் கையாளும் கை வேறு. இரண்டும் சுத்தமாக இருந்தாலன்றி ஊசி சுத்தமாகாது.

மற்றது நம் நாட்டிலேயே நடந்தது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்பு, செங்கமாரி, மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமி ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசியாக ஐங்கூட்டு மருந்து 2008 ஜனவரியில் இலங்கையில் தொடங்கப்பட்டது. சில மாதங்களுக்குள் ஊசி பெற்ற குழந்தைகள் சிலர் இறந்த செய்தி வந்தது. அரசு அந்தத் தொகுதி மருந்தை நிறுத்தியது. மறு ஆண்டில் இன்னொரு மரணம் நேர, அந்த ஊசியையே முழுவதும் நிறுத்திப் பழைய ஊசிக்குத் திரும்பியது. உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே, 2010ஆம் ஆண்டில் ஐங்கூட்டு ஊசி மீண்டும் வந்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டு, நான்கு, ஆறு மாதக் குழந்தைகள் எல்லாருக்கும் ஊசி போடும் நாட்டில், வேறு காரணத்தால் இறக்கவிருந்த குழந்தையும் ஊசிக்கு மறுநாள் இறக்கக்கூடும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை அது. ஆனால் பிள்ளையை இழந்த தாயிடம் காகத்தின் கதையைச் சொல்லி அனுப்பிவிட முடியுமா? முடியாது. ஆகவேதான் நிறுத்தினர், தேடினர், கண்டதைச் சொல்லி மீண்டும் தொடங்கினர். இன்றும் பிறவியிலேயே கடும் இருதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு வைத்தியரின் நேர்ப்பார்வையில் ஊசி போடுவது அந்த அனுபவத்தின் பயன்.

மறுபக்கக் கணக்கையும் பார்ப்போம். இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராக 1995ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சொட்டு மருந்து நாட்கள் நடந்தபோது, போர் நடந்த வடக்கு கிழக்கிலும் அந்நாட்களில் துப்பாக்கிகளை ஓயவைக்க யுனிசெவ் இரு தரப்போடும் பேசிற்று. இரு தரப்பும் வேறு எதிலும் ஒத்துக்கொள்ளாத காலம் அது. இலங்கையில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி காணப்பட்டது 1993ஆம் ஆண்டில். சின்னமுத்து 2019ஆம் ஆண்டில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில், ஊசி தவறியவர்களிடையே அது திரும்பி வந்துவிட்டது. ஒன்பதாம் மாதமும் மூன்றாம் வயதும் தவறாமல் அட்டையில் பதியப்பட வேண்டுவது இதனால்தான்.

வைசூரி மாத்திரம் திரும்பவில்லை. உலகில் இயற்கையாக அந்நோய் கடைசியாகக் கண்டது 1977 அக்டோபரில், சோமாலியாவின் மெர்க்கா நகரத்து அலி மாவ் மாலின் என்ற ஆஸ்பத்திரிச் சமையற்காரருக்கு. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் அவர் அம்மைப்பால் குத்திக்கொள்ளவில்லை. நோகும் என்று பயந்தாராம். பிழைத்தெழுந்த அவர் பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து கொடுக்கும் பணியில் சேர்ந்து, அஞ்சிய தாய்மாரிடம் தம் கதையையே சொல்லி வந்தார். 1980 மே மாதத்தில் வைசூரி உலகை விட்டு ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. அம்மைப்பால் குத்துவதும் அத்தோடு நின்றது.

நம்மூர்த் தாத்தாமார் சட்டையைக் கழற்றித் தீர்த்தமாடும்போது அவர்கள் மேற்கையில் வட்டமான பெரிய வடுவொன்று தெரியும். அவர்களின் பேரப்பிள்ளைகளின் இடது கையில் இருப்பது சிறிய வடு. பிறந்ததும் ஆஸ்பத்திரியில் கசரோகத்துக்குப் போட்ட ஊசியின் வடு. பெரிய வடு உள்ளவர்கள் நம்மிடையே ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.