நிகண்டு முதல் குறிச்சொல் வரை: தமிழில் தேடுசொல்லின் வரலாறு

சேந்தன் திவாகரம் என்ற நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் அதில் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்றே தெரியாதவர் எந்தத் தொகுதியைப் புரட்டுவார்? அன்று அந்தக் கேள்விக்கு இடமில்லை. நிகண்டு நெட்டுருப் போடுவதற்கான நூல். திண்ணைப் பள்ளியில் அதை ஓதி முடித்த பிள்ளை தேடுவதெல்லாம் தன் நினைவுக்குள்தான்.

1594இல் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு இந்த நிலையை மாற்றியது. சொற்களை அவர் அகர முதலாக நிரல்படுத்தினார். சொல்லின் முதலெழுத்து தெரிந்தால் போதும், இடம் கிடைத்துவிடும். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவுகளோடு இம்முறையை நிலைநிறுத்தியது. இன்று நாம் இணையத்தில் இடும் குறிச்சொல்லின் தமிழ் வேர் இங்கே இருக்கிறது என்பது என் துணிபு. நூலை முன்பே கற்றறியாத ஒருவரும் அதற்குள் தமக்கு வேண்டியதைக் காணலாம் என்ற எண்ணம் இந்த நிரலில்தான் முதலில் உருப்பெறுகிறது.

அச்சு வந்தபின் இதன் தேவை கூடியது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சுட்டாமல் எடுத்தாளப்பட்ட மேற்கோள்களின் இருப்பிடத்தை ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. ஓரடி கையில் இருக்கும். அது எந்த நூலைச் சேர்ந்தது என்று தெரியாது. இந்தத் தவிப்பை அறிந்தவர் என்பதால்தான் அவருடைய பதிப்புகளில் செய்யுள் முதற்குறிப்பும் அரும்பத அகராதியும் அத்தனை அக்கறையோடு அமைந்தன என்று கருதுகிறேன். பிற்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை வெளியிட்டது.

நூலுக்குள் தேடுவது ஒன்று. நூலகத்துக்குள் தேடுவது வேறு. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் இரண்டாவதை ஆராய்ந்தார். 1938இல் அவர் முன்வைத்த சங்கிலி அடைவு முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வேளாண்மை, அதற்குள் நெல், அதற்குள் நோய் என்று ஒரு நூலின் பொருள் இறங்கிச் செல்கிறது என்று கொள்வோம். ‘நோய், நெல், வேளாண்மை’ என்று ஒரு பதிவு. ‘நெல், வேளாண்மை’ என்று மற்றொன்று. ‘வேளாண்மை’ என்று மூன்றாவது. வாசகர் எந்தச் சொல்லோடு வந்தாலும் நூலை நெருங்கிவிடுவார். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களின் இறுதியில் இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார். கட்டுரைத் தலைப்பின் ஒவ்வொரு முக்கியச் சொல்லையும், முன்பின் சொற்களோடு சேர்த்து, கணினியே அகரவரிசைப்படுத்தியது. தலைப்பில் பொருளைச் சொல்லாத கட்டுரை அந்தப் பட்டியலில் காணாமற்போகும்.

வலைப்பக்கங்களில் குறிச்சொற்களை மறைவாக எழுதிவைக்கும் வழக்கம் 1990களில் பரவியது. பக்கத்துக்குத் தொடர்பற்ற சொற்களையும் பலர் அதில் நிரப்பினார்கள். தரவரிசைக்கு அந்தப் பட்டியலைத் தான் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இல் கூகுள் அறிவித்தது.

தமிழ்ப் பக்கங்களுக்கு அக்காலத்தில் இதைவிட அடிப்படையான சிக்கல் இருந்தது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ‘அ’ என்ற எழுத்துக்கு ஓர் எழுத்துருவில் ஓர் எண், அடுத்ததில் வேறு எண். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்த பக்கம் தேடுபொறிக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு ‘டாம்’, ‘டாப்’ என்ற குறியீடுகளைப் பரிந்துரைத்தது. ‘திஸ்கி’ என்ற மற்றொரு குறியீடு தனியே வழங்கியது. 1991 முதலே யூனிக்கோடில் தமிழுக்கு இடம் இருந்தும் அது பரவலாகப் புழங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை யூனிக்கோடிலும் தந்தபோது, சங்கப் பாடலின் ஒரு சொல்லைத் தட்டி அதன் அடியைக் காண முடிந்தது. உ.வே.சா. ஏடுகளில் செய்த தேடல் அது! தமிழக அரசு யூனிக்கோடைத் தரமாக ஏற்றது 2010இல்.

அதன்பின்னும் நுண்ணிய பிளவுகள் எஞ்சின. 2005இல் யூனிக்கோடு ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்தது. அதனால் ஸ்ரீரங்கத்தின் முதல் எழுத்தை ‘ஸ’ கொண்டும் உள்ளிடலாம், ‘ஶ’ கொண்டும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். எண்ணை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு அவை வேறு வேறு ஊர்கள். கௌதமன் என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டாலும் இதே விபத்துதான்.

இவை எழுத்தின் சிக்கல்கள். இலக்கணத்தின் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘ஆறு’ என்று தேடுபவருக்கு ‘ஆற்றில்’, ‘ஆற்றங்கரை’ என எழுதிய பக்கம் தானாகக் கிட்டாது. உருபு ஏறும்போது சொல்லின் உடலே மாறிவிடுகிறது. எண்ணைக் குறிக்கும் ஆறும் குறுக்கே வரும். அயற்சொல்லை எழுதுவதிலும் ஒருமை இல்லை: பெருந்தொற்றுக் காலத்தில் ‘கொரோனா’ என்றும் ‘கரோனா’ என்றும் இதழ்கள் இருவகையாக எழுதியதை நாம் கண்டோம். ஆகவே தமிழில் எழுதுபவர் தலைப்பில் உருபேறாத வேர்ச்சொல்லையும், கட்டுரைக்குள் வழக்கிலுள்ள மற்ற வடிவங்களையும் இயல்பாக இடம்பெறச் செய்வது வாசகருக்குச் செய்யும் உதவி.

எழுத்தும் இலக்கணமும் சீரானாலும் ஒன்று மிஞ்சுகிறது. மதுரைப் பக்கத்துக்காரர் தம் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதுகிறார். காஞ்சிபுரத்து வாசகர் ‘ஏரி’ என்று தட்டுகிறார். வவுனியாவில் இருப்பவர் ‘குளம்’ என்று. மூவரும் மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடும் நீர்நிலையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அகரவரிசையில் க, ஏ, கு என்று மூன்று இடங்களில் நிற்கிறார்கள். திவாகரம் இப்படிப்பட்ட சொற்களை இடப்பெயர்த் தொகுதியில் அருகருகே உட்காரவைத்திருந்தது.