ஜாபிரின் சகோதரிகள்

குடும்பத்தைக் குறிக்க அரபியர் கையாளும் சொற்களுள் ‘இயால்’ என்பது கருதத்தக்கது. ஒருவர் பெற்ற பிள்ளைகளை மட்டும் அது சுட்டுவதில்லை. அவருடைய உழைப்பை நம்பி உண்போர் அனைவரையும் சுட்டும். ஆகவே, ஒரு குடும்பம் பெரிதா சிறிதா என்பதை, பிறந்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு முடிவு செய்துவிட இயலாது. ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தம் தந்தை கடனையும் ‘இயாலை’யும் விட்டுச் சென்றதாகவே நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள்.

தந்தை அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி), அகபாவில் உறுதிமொழி அளித்த மதீனத்துத் தலைவர்களுள் ஒருவர். ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) உஹதுப் போர் நேர்ந்தபோது, பெண்மக்களை ஆண்துணையின்றி விட்டுச் செல்வது தகாது என்று மகனை வீட்டில் நிறுத்திவிட்டுத் தாம் புறப்பட்டார். முதலில் வீழ்வோருள் தாமும் ஒருவராக இருக்கலாம் என்று முன்னிரவே கூறி, கடனைத் தீர்க்கவும் சகோதரிகளிடம் நன்முறையில் நடந்துகொள்ளவும் மகனைப் பணித்தார். மறுநாள் ஷஹீதானார்.

சகோதரிகள் எத்தனை பேர்? ஓர் அறிவிப்பு ஆறு என்கிறது, இன்னொன்று ஏழு, மற்றொன்று ஒன்பது. சிலர் மணமாகிப் போயிருக்கலாம் என்று கொண்டு இவ்வேறுபாட்டை இணக்கப்படுத்துகிறார் புகாரீ விரிவுரையாளர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (இறப்பு 1449). நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. பிறந்தவரை எண்ணுவதும் வீட்டிலிருப்பவரை எண்ணுவதும் வேறு வேறு கணக்குகள் அல்லவா?

கடன் முப்பது வஸக் பேரீச்சம்பழம். கடன்காரர்கள் தவணை தர மறுத்தனர். நபியவர்கள் தோட்டத்திற்கு வந்து, பழக்குவியலருகே அமர்ந்து அளந்து கொடுக்கச் செய்தார்கள். தந்தையின் பொறுப்பு நீங்குமாயின், சகோதரிகளிடம் ஒரு பழமுமின்றித் திரும்பவும் தாம் இசைந்திருந்ததாக ஜாபிர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆனால் கடன் தீர்ந்த பின்னும் பழம் மிஞ்சியது.

அவரது திருமணச் செய்தி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. பயணத்திலிருந்து திரும்பும் வழியில் நபியவர்கள் அவரிடம் ஒட்டகத்தை விலை பேசியதும், மதீனம் சேர்ந்தபின் விலையையும் ஒட்டகத்தையும் சேர்த்தே அளித்ததும் சுவையாக விவரிக்கப்படும். கன்னிப்பெண்ணை ஏன் மணக்கவில்லை என்று அவர்கள் வினவியதும் தவறாமல் இடம்பெறும். ஜாபிர் சொன்ன விடைதான் விரைந்து கடக்கப்படுகிறது. தம் சகோதரிகளை ஒத்த இன்னோர் இளம்பெண்ணை வீட்டில் சேர்க்க அவர் விரும்பவில்லை. அவர்களுக்குத் தலைவாரி விட்டு, அவர்களைப் பேணி வளர்க்கத்தக்க, முன்னர் மணமாகியிருந்த பெண்மணியையே நாடினார். இருபதை ஒட்டிய வயதினர் ஒருவர், தம் இல்லறத்தையே உடன்பிறந்தார் பொருட்டு அமைத்துக்கொண்டார். நபியவர்கள் அதை மெச்சி, அவருக்கு அருள்வளம் வேண்டினார்கள். தலைவாருதல் போன்ற சிறு வேலையும் இவ்வுரையாடலில் இடம்பெற்றிருப்பதை நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

பின்னர் ஜாபிர் கடும் நோயுற்று நினைவிழந்து கிடந்தார். அபூதாவூது தொகுப்பிலுள்ள அறிவிப்பின்படி, அப்போது அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஏழு சகோதரிகள் இருந்தனர். தெளிந்ததும் அவர் கேட்டது, தம் உடைமையில் எவ்வளவை அவர்களுக்கு எழுதிவைக்கலாம் என்பதே. அந்நிசா அத்தியாயத்தின் 176ஆம் வசனம் இச்சூழலில் அருளப்பட்டதாக அவரே கூறுவார். தந்தையும் பிள்ளையும் இல்லாது இறப்பவருக்கு இரு சகோதரிகள் இருப்பின், மூன்றில் இரு பங்கு அவர்களுக்குரியது. எழுவராயினும் ஒன்பதின்மராயினும் பங்கு அதுவே. அறிவிப்புகள் முரண்படும் அவ்வெண் இங்கே பொருட்டாகவில்லை.

அந்நோயிலிருந்து மீண்ட ஜாபிர் நெடுங்காலம் வாழ்ந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தார். அவற்றுள் ஒன்று உஹதில் வீழ்ந்த மற்றொருவரான ஸஅது பின் ரபீஃ (ரலி) அவர்களின் இரு பெண்மக்களைப் பற்றியது. தந்தையின் சொத்து முழுவதையும் சிறிய தந்தை எடுத்துக்கொண்டார் என்று அவர்களுடைய தாய் முறையிட்டார். வசனம் அருளப்பட்டது. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரு பங்கும், தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு அச்சகோதரருக்கு நபியவர்கள் ஆணையிட்டார்கள்.