பிரெஞ்சு கற்றது எதற்காக?

தேங்காய்த்திட்டிலிருந்து நடந்தே சேரலாம், 1826-இல் தோன்றிய புதுவைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு. பிரெஞ்சு ஆட்சியில் தமிழ் மாணவன் அம்மொழி பயின்றது எதற்காக? வால்டேரின் வினாக்களை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவரவா? அன்று! கச்சேரியில் கணக்கெழுத, சைகோனுக்குக் கப்பலேற! வயிறு விதித்த பாடத்திட்டம் அது. அவனை நாம் பழிக்கவில்லை. ஆனால் ‘சமத்துவம்’ என்பதைப் பிழையின்றி எழுதிய கையே சேரியைத் தீண்ட மறுத்ததே, அதை என்னென்பது? அதே அரசின் ஊதியம் பெற்று, 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராயிருந்த பாரதிதாசன், சமத்துவத்தைத் தமிழிலே பாடிக் காட்டினார். பிரெஞ்சை ஆட்சிமொழியாகத் தொடரவிட்ட ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாயிற்று. இன்றோ, மதிப்பெண்ணுக்காக அம்மொழியை எடுப்போர் பலர். தோழர்களே, பள்ளியை விட்டு வரும் மாணவன் ஒரு பிரெஞ்சு நாளேட்டைப் படித்து, அதன் செய்தியைத் தன் தெருவாருக்குத் தமிழில் சொல்ல வல்லவனா? தேர்வில் அதைக் கேட்டுப் பாருங்கள்!